சமையலறைச் சாமானும் கப்சாய் மோட்டாரும்: எது உதவும், எது ஆபத்து?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடிந்ததும் பெரட்டுக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் இறக்கவும், ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ சாமான் வாங்கி வரவும் அதுதான் வாகனம். ஹபுவிலிருந்து போ தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து ஏறும் குறுகிய சாலையிலும், பிரிஞ்சாங் மலைச் சாலையில் பிரிந்து சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகும் பாதையிலும், எதிரில் ஒரு கார் வந்தால் இன்னொரு கார் ஒதுங்கி நிற்க வேண்டிய இடங்களில்கூட மோட்டார் நுழைந்து போய்விடும். ஜே.ஏ.ரஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் கூடையைச் சுமந்து இதே சரிவுகளில் நடந்தே போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள், இன்று ஹோண்டா இ.எக்ஸ்.5-லும் மோடெனாஸ் கிரிஸ்ஸிலும் போகிறார்கள்.

பட்டறைகள் இருப்பது பட்டணத்தில். தோட்ட வீடுகள் இருப்பது சரிவுகளுக்கு நடுவே. சின்னச் சின்னப் பழுதுக்கெல்லாம் வேலையை விட்டு போமனைத் தேடிப் போக முடியாது. அதனால் வீட்டு வாசல்தான் முதல் பட்டறை. பழைய பல்துலக்கியும் மைலோ டின்னும் பனியன் துணியும்தான் முதல் கருவிகள். அப்பா செய்ததைப் பார்த்து மகன் செய்கிறான், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதைக் கேட்டுத் தம்பி செய்கிறான். இப்படி வாய்வழி வந்தவற்றில் பெரும்பாலானவை நல்ல கைவைத்தியம். சில, உயிரோடு விளையாடுபவை. இரண்டையும் பிரித்துப் பார்க்க, அந்தப் பொருள் உள்ளே என்ன செய்கிறது என்பது தெரிந்தால் போதும்.

முதலில் மலை மோட்டாரை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். இங்கே ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வெயில் அடித்தாலும் சமவெளியைப் போல ஈரம் சட்டென்று காய்வதில்லை. செம்மண் சேறு செயினிலும் சக்கரக் குடத்திலும் அப்பிக்கொள்கிறது. உரமூட்டை ஏற்றும் மோட்டாருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உரம் பெரும்பாலும் உப்பு வகையைச் சேர்ந்தது. மூட்டையிலிருந்து சிந்திய தூள் ஈரக்காற்றில் கரைந்து இரும்பின்மேல் படிந்தால், கடலோரத்தில் நிறுத்திய மோட்டாரைப் போல அது துருப்பிடிக்கும். உரம் ஏற்றிய அன்றே கேரியரையும் சக்கர மறைப்பின் அடிப்பகுதியையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டால் பாதித் துரு வராது. சோப்புகூடத் தேவையில்லை. ஆனால் மேடேறி வந்த சூட்டோடு இன்ஜின்மேலும் புகைக்குழாய்மேலும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக்கூடாது. சூடு ஆறட்டும்.

செயினும் தேங்காய் எண்ணெயும்

வீட்டுப் பராமரிப்பில் அதிகப் பலன் தருவது செயின்தான். பழைய கப்சாய்களில் செயினைச் சுற்றி முழு மூடி இருக்கும். அந்த மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது சில இளைஞர்களுக்கு ஓர் அழகு. மலைச் சேற்றில் அந்த அழகுக்கு விலை, சீக்கிரமே ஒரு புதுச் செயின்.

செயினைக் கழுவ மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் போதும். அடியில் ஒரு தட்டையான டின்னை வைத்து, இரட்டைத் தாங்கியில் மோட்டாரை நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கண்ணியாகத் தேய்க்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் செயினைத் துடைப்பது வேலையைச் சீக்கிரம் முடிக்கும் வழியாகத் தோன்றும். துணி பல்சக்கரத்தில் மாட்டினால் விரலும் கூடவே போகும். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், சாவியும் வெளியே இருக்க வேண்டும்.

மண்ணெண்ணெய்க்குப் பதில் பெட்ரோல் வேண்டாம். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்ப் பக்கத்து அறையில் எரியும் சாமி விளக்கையோ அடுப்பையோ தொட்டுவிடும். கண்ணிகளுக்கு நடுவே ரப்பர் வளையம் உள்ள புது வகைச் செயினாக இருந்தால், பெட்ரோலும் தின்னரும் அந்த ரப்பரையும் கெடுக்கும்.

கழுவித் துடைத்துக் காயவைத்த பிறகு எந்த எண்ணெயை விடுவது? இங்கேதான் சமையலறை கைகொடுக்காது. கேமரன் மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. காலையில் தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்தால் உள்ளே வெள்ளையாக உறைந்திருக்கும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே போனால் கட்டியாகிவிடும். மலையில் இரவில் 15 பாகைவரை இறங்கும். உறைந்த எண்ணெய் செயினின் ஊசிகளுக்குள் எப்படிப் போகும்? மற்றச் சமையல் எண்ணெய்களோ நாளாக நாளாகக் காற்றுப் பட்டுப் பிசினாக மாறும். வாணலியின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாத அந்த மஞ்சள் பசைதான் செயினிலும் உருவாகும். அதில் மண் ஒட்டி, மணல்தாளைப் போலச் செயினையே தேய்த்துத் தின்னும். இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பெண்ணெயும் நல்லதல்ல. அதில் கரியும் நுண்ணிய உலோகத் துகள்களும் இருக்கின்றன. கடையில் கிடைக்கும் செயின் எண்ணெய் அல்லது கெட்டியான கியர் எண்ணெய், அதுவும் கண்ணிக்கு ஒரு சொட்டு. மீதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போது தெறித்துப் பின்டயரில் படியும்.

செயினின் தொய்வை அளக்கப் பிள்ளையின் பள்ளிப்பையில் இருக்கும் அடிக்கோல் போதும். இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில், செயினின் கீழ்ப்பகுதியை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்க்க வேண்டும். பல கப்சாய்களுக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆட்டம் சரி. அந்தந்த மோட்டாரின் கையேட்டில் சொல்லியிருப்பதே முடிவானது. சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடத்தில் அளக்க வேண்டும், ஏனென்றால் பழைய செயின் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தளர்ந்தும் இருக்கும். இறுக்கும்போது இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று பார்ப்பது பெரும்பாலானோருக்குத் தெரியும். பலர் மறப்பது இன்னொன்று: செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் தள்ளும்போது, தண்டு வைத்த டிரம் பிரேக்கும் கூடவே இறுகிவிடும். அதைத் திரும்பச் சரிசெய்யாவிட்டால் பிரேக் உரசிக்கொண்டே ஓடிச் சூடாகும்.

தே தாரேக் பையும் ப்ளக்கின் நிறமும்

மழையில் நனைந்து நனைந்து கிளட்ச், பிரேக், எண்ணெய் முறுக்கு ஆகியவற்றின் கேபிள்கள் இறுகிப்போகும். இதற்கு ஒரு பழைய கைவைத்தியம் உண்டு. கேபிளின் மேல்முனையைப் பிடியிலிருந்து கழற்ற வேண்டும். கடையில் தே தாரேக் கட்டிக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காயவைத்து, ஒரு மூலையைக் கத்தரித்து, அந்த ஓட்டையில் கேபிள் முனையை நுழைத்து ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்ட வேண்டும். பைக்குள் இரண்டு கரண்டி மெல்லிய எண்ணெய் ஊற்றி, பையை நிமிர்த்தித் தொங்கவிட்டால் இரவோடு இரவாக எண்ணெய் கேபிளுக்குள் இறங்கும். மறுமுனையின் கீழே ஒரு பழைய துணி அவசியம். கேபிளின் இழைகளில் ஒன்று அறுந்திருந்தாலும் எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது ப்ளக். மேட்டில் இழுக்கவில்லை, புகை கறுப்பாக வருகிறது என்ற புகார் மலையில் பழைய மோட்டார்களுக்கு அதிகம் வருவதற்கு ஒரு காரணம் உயரம். தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் 13 விழுக்காடு குறைவு. கார்புரேட்டர் வைத்த மோட்டாருக்கு அது தெரியாது; ஈப்போவில் விட்ட அளவிலேயே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்தால் முழுதாக எரியாமல் ப்ளக்கில் கரி படியும். எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் புது மோட்டார்கள் காற்றழுத்தத்தை அளந்து தாமே சரிசெய்துகொள்ளும். பழைய மோட்டாருக்குப் போமனிடம் ஒருமுறை காற்றுத் திருகைச் சரிசெய்து வாங்குவது நல்லது.

ப்ளக்கின் நுனி பாலூற்றிய தேநீர் நிறத்தில் இருந்தால் இன்ஜின் நலமாக இருக்கிறது. காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்தாற்போல் இருந்தால் பெட்ரோல் குறைந்து இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் இன்ஜினுக்குள் எண்ணெய் ஏறுகிறது என்று பொருள். அது வீட்டு வேலை இல்லை. கரியைப் பல்துலக்கியால் தேய்த்து எடுக்கலாம். ப்ளக்கின் இடைவெளி ஹோண்டா கப்சாய்களுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். இரும்பறுக்கும் ரம்பத்தின் சாதாரணப் பட்டை ஏறக்குறைய 0.63 மில்லிமீட்டர் கனம். பற்கள் இல்லாத முதுகுப் பக்கம் இடைவெளியில் லேசாக உரசிப் போனால் சரி. வங்கி அட்டை 0.76 மில்லிமீட்டர், அது தாராளமாக நுழைந்தால் இடைவெளி கூடிவிட்டது. ப்ளக்கைத் திரும்பப் போடும்போது ஸ்பேனரை எடுப்பதற்குமுன் கையாலேயே கடைசிவரை திருக வேண்டும். கோணலாகப் போய் அலுமினிய மரை அழிந்தால் செலவு பெரிது.

காற்று வடிகட்டி பஞ்சு வகையாக இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கசக்கி, நிழலில் காயவைத்து, சில சொட்டு இன்ஜின் எண்ணெய் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகித வகையைக் கழுவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். கார்புரேட்டரின் பித்தளைத் துவாரத்தை ஊசியால் குத்திச் சுத்தம் செய்வதும் தவறு. பித்தளை மெதுவான உலோகம், ஊசி எஃகு. துவாரம் மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் கூடுதலாகப் போகும். மலையில் ஏற்கெனவே இருக்கும் தொல்லை இரட்டிப்பாகும். தூண்டில் நைலான் நூல் அந்த வேலைக்குப் போதும்.

புளி, சோடா, அலுமினியத் தாள்

துருவை எடுப்பதில் அம்மாக்களுக்குத்தான் அனுபவம் அதிகம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதும் நட்டு போல்ட்டைச் சுக்காவில் ஊறவைப்பதும் ஒரே வேலைதான். புளியிலும் சுக்காவிலும் இருக்கும் அமிலம் துருவைக் கரைக்கிறது. அமிலத்தை அப்படியே விட்டுவிட்டால் அடுத்து நல்ல இரும்பையும் அரிக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஊறவைத்து எடுத்த சாமானைச் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, துடைத்துக் காயவைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். இல்லையென்றால் மறுநாளே மஞ்சள் பூக்கும். குரோம் பூசிய கைப்பிடியிலும் கண்ணாடித் தண்டிலும் பொடிப்பொடியாக வரும் துருவுக்கு, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மெதுவானது என்பதால் ஆழமாகக் கீறாது. சாயம் பூசிய பாகத்தில் இந்த வேலை கூடாது.

மின்கலத்தின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொரிந்திருப்பது அமிலத்தின் வேலை. அதற்கு மருந்தும் அதே சமையல் சோடா. எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, பிறகு நேர்முனையைக் கழற்றி, சோடா நீரில் நனைத்த பல்துலக்கியால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போகும். தண்ணீர் ஊற்றும் பழைய வகை மின்கலமாக இருந்தால் மூடித் துவாரங்களுக்குள் சோடா இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துடைத்துக் காயவைத்து, நேர்முனையை முதலில் மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் ஈரம் அண்டாது.

டயரில் காற்று மெல்ல மெல்ல இறங்குகிறதென்றால் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் வரும். வால்வின் வாயிலும் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். பலமுறை குற்றவாளி அதுதான்.

மஞ்சு இறங்கும் நேரத்தில் தலைக்கவசக் கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்து எதிரே ஒன்றும் தெரியாது. ஒரு சொட்டுப் பாத்திர சோப்பை உள்பக்கம் தடவி, மென்துணியால் தடமே தெரியாமல் துடைத்துவிட்டால் ஆவி துளித்துளியாகக் கூடாது. இரண்டொரு நாளுக்கு அது தாங்கும். பற்பசையைக் கண்ணாடியில் தேய்க்கக்கூடாது, அது நுண்ணிய மணலைப் போன்றது. மங்கிப்போன பிளாஸ்டிக் முன்விளக்குக்கு மட்டும் பற்பசை உதவும், அதுவும் தற்காலிகமாக. பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்பது இந்நாட்டில் 1992 முதல் மோட்டாரோட்டிகளுக்குச் சட்டம். மலை மஞ்சில் அந்த வெளிச்சம்தான் எதிரே வரும் லோரிக்கு அடையாளம். நனைந்த தலைக்கவசத்துக்குள்ளும் காலணிக்குள்ளும் பழைய நாளிதழைக் கசக்கித் திணித்தால் காலைக்குள் ஈரத்தை உறிஞ்சிவிடும். கைப்பேசியில் செய்தி படிக்கும் வீடுகளுக்கு இந்த வசதி இல்லை.

தலைக்கவசத்தின் ஓட்டைப் பெட்ரோலாலோ தின்னராலோ துடைப்பது மட்டும் வேண்டாம். ஒட்டுப்படத்தின் பசையை எடுக்கச் சிலர் அப்படிச் செய்கிறார்கள். பிளாஸ்டிக் ஓடும் உள்ளே இருக்கும் நுரையும் அதில் வலுவிழக்கும். வெளியே பார்த்தால் புதிதுபோல் மின்னும், விழும்போது தாங்காது.

வீட்டுப் பொருள் தொடக்கூடாத இடம்

இந்நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பிரேக் என்ற பாகத்தில் மட்டும் கைவைத்தியத்துக்கு இடமே இல்லை என்பதற்கு அதுவே காரணம் போதும்.

பிரேக் கீச்சிடுகிறது என்று எண்ணெய் விடுவது, மெழுகுவர்த்தி தேய்ப்பது, துரு நீக்கும் மருந்து அடிப்பது எல்லாம் சத்தத்தை நிறுத்தும், பிரேக்கையும் நிறுத்திவிடும். பிரேக் பிடிப்பதே உரசலால்தான். டயரின் ஓட்டுப்பரப்பில் பளபளப்புக்காகத் தடவும் எந்த எண்ணெயும் அதே ரகம். தட்டுப் பிரேக் உள்ள மோட்டாரில் திரவம் குறைந்தால், புட்டியின் மூடியில் குறித்திருக்கும் அதே வகைப் பிரேக் திரவத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது. இன்ஜின் எண்ணெயோ சமையல் எண்ணெயோ போனால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் ஊதிப் பருத்துச் சிக்கிக்கொள்ளும். அன்றைக்குப் பிடிக்கும், ஒரு வாரம் கழித்து ஒரு வளைவில் பிடிக்காது. பிரேக் திரவம் குறைவதே பட்டை தேய்ந்ததற்கோ எங்கோ கசிவதற்கோ அடையாளம் என்பதால், அதை ஊற்றி நிரப்புவதோடு நிறுத்தக்கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது பார்ப்பதும் இறுக்குவதும்தான். டிரம் பிரேக்கின் மிதியை அழுத்தினால் 2 முதல் 3 சென்டிமீட்டருக்குள் பிடிக்கத் தொடங்க வேண்டும். பல ஹோண்டா மோட்டார்களில் டிரம்மின் வெளியே ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை அழுத்தும்போது அம்பு அடையாளக் கோட்டைத் தொட்டால் உள்ளே இருக்கும் கட்டை தேய்ந்துவிட்டது, இனி இறுக்கிப் பயனில்லை. டிரம்மைத் திறந்தால் அந்தத் தூளை வாயால் ஊதக்கூடாது; பழைய கட்டைகளில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

பெட்ரோலை மிச்சப்படுத்த இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு போகும் பழக்கமும் இதோடு சேர்த்துப் பேச வேண்டியது. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்குப் போகும் பழைய சாலை ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறது. இன்ஜின் ஓடிக்கொண்டு கியரில் இருந்தால் அதுவே வேகத்தைப் பிடித்து வைக்கும். அணைத்துவிட்டால் முழுச் சுமையும் இரண்டு சின்ன டிரம்களின் தலையில். அவை சூடேறச் சூடேறப் பிடி தளரும், பின்னால் ஒரு மூட்டையோ ஒரு பிள்ளையோ இருந்தால் இன்னும் சீக்கிரம். மிச்சமாகும் பெட்ரோல் சில சென்தான்.

கறுப்பெண்ணெய் எங்கே போகிறது?

இன்ஜின் எண்ணெய் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலை. கப்சாய்க்கு ஒரு லிட்டர் எண்ணெய்கூடப் பிடிக்காது. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, அடியில் அகலமான பழைய பிஸ்கட் டின்னை வைத்துத் திருகைக் கழற்றினால் வடிந்துவிடும். தண்ணீர்ப் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகப் பிடித்தால் அதுவே புனல். உள்ளே ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்து, பளபளக்கும் துகள் நிறைய இருந்தாலோ, பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தாலோ போமனிடம் காட்ட வேண்டும். வெளிறிய நிறம் தண்ணீர் கலந்ததன் அடையாளம்.

பிறகு அந்தக் கறுப்பெண்ணெயை என்ன செய்வது? புல் காய வேலியோரம் ஊற்றுவதும், கால்வாயில் சாய்த்துவிடுவதும் பல ஆண்டு வழக்கம். தோட்டத்துக் கால்வாய்கள் ஓடைகளிலும், ஓடைகள் பெர்த்தாம் ஆற்றிலும், பெர்த்தாம் ரிங்லெட் ஏரியிலும் போய்ச் சேருகின்றன. வழியில் அதே தண்ணீரைக் காய்கறித் தோட்டங்கள் எடுத்துக்கொள்கின்றன. 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளில் பயன்படுத்திய மசகெண்ணெய் பட்டியலிடப்பட்ட கழிவு. அதன் எண் எஸ்.டபிள்யூ.305. பழைய எண்ணெயைச் சேர்த்து விற்கும் பட்டறைகளில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அதுவரை அதை வைத்திருக்கும் போத்தலில்தான் கவனம் வேண்டும். குளிர்பானப் போத்தலில் மண்ணெண்ணெயோ கறுப்பெண்ணெயோ ஊற்றி வீட்டில் வைக்கக்கூடாது. தாகமாக ஓடிவரும் பிள்ளைக்கு மண்ணெண்ணெயும் தண்ணீரும் ஒரே நிறம்தான். குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக்கூடாது. மேலே வரும்போது அது நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. குடித்த போத்தலோடு நேரே தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். புது எண்ணெய் வாங்கிய அதே போத்தலில் பழைய எண்ணெயை ஊற்றி, மூடியை இறுக்கி, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, அடுத்த முறை பட்டணத்துக்குப் போகும்போது எடுத்துச் செல்லலாம்.